கூட்ரோடு கேள்வி–பதில்: இந்தத் தடவை முழுக்க வந்தவாசி – திண்டிவனம் ரோடு

இந்த இதழுக்கு வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சு வச்சுப் பாத்தா பாதிக்கு மேல ஒரே ரோட்டைப் பத்தி தான் இருக்கு. வந்தவாசில இருந்து தெள்ளார், வெள்ளிமேடுபேட்டை வழியா திண்டிவனம் போற ரோடு. ஆற்காட்டுல கிளம்பி செய்யாறு, வந்தவாசி தாண்டி திண்டிவனத்துல வந்து முடியிற மாநில நெடுஞ்சாலை 5-ஓட கடைசித் துண்டு அது. நானும் அந்தப் பக்கத்து ஆளு தான், ரோடு காண்ட்ராக்ட் வேலையில இருபது வருஷத்துக்கு மேல சைட் சூப்பர்வைசரா வெயில்ல நின்னவன், அதனால இந்தத் தடவை வேற ரோட்டுக்கே போகாம இதுலயே உக்காந்துட்டேன். மத்த ஊர்க்காரங்க கோச்சுக்காதீங்க, உங்க ஊர் ரோட்டுக்கும் இதுல முக்கால்வாசி பொருந்தும்.

கேள்வி (விவசாயி, தெள்ளார் பக்கம்): அய்யா, எங்க ஊர் கூட்ரோட்டாண்ட போன வருஷம் தான் புதுசா தார் போட்டாங்க, போட்டப்போ கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஐப்பசி மழை நாலு நாள் பேஞ்சுது, அவ்ளோ தான், ஓரமா பேத்துக்கினு இப்ப நடு ரோடு வரைக்கும் பள்ளம். தார்ல கலப்படம் பண்ணிட்டாங்களா?

பதில்: கலப்படம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், நேர்ல பாக்காம நான் அப்படி ஒரு பழியைப் போட மாட்டேன். ஆனா நீங்களே ஒரு வார்த்தை எழுதியிருக்கீங்க பாருங்க, "ஓரமா பேத்துக்கினு"ன்னு, அதுலயே பாதி விஷயம் வந்துடுச்சு. ரோடு எப்பவுமே ஓரத்துல இருந்து தான் சாகும். லாரி நடுவுல தானே போகுது, அப்புறம் ஏன் ஓரம் உடையுதுன்னா, தண்ணி ஓரத்துல தான் நிக்குது.

தார் ரோடு பாக்க சமமா தெரியும், ஆனா சமமா இருக்கக் கூடாது. நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் 2 அல்லது 2.5 சதவீதம் சரிவு குடுப்போம். ரெண்டு வண்டி எதிரெதிரா போற 7 மீட்டர் ரோடுன்னா நடு முதுகு ஓரத்தைவிட 7-ல இருந்து 9 செ.மீ. வரைக்கும் உயரமா இருக்கும். மழை விழுந்தா அந்தச் சரிவுல ஓடி மண் ஓரத்துக்கு வந்து, அங்க இருந்து பக்கத்து வாய்க்காலுக்குப் போயிடணும். நம்ம ஊர்ல என்ன ஆகுதுன்னா மண் ஓரம் வருஷா வருஷம் ஏறிக்கிட்டே வரும், புல்லு முளைக்கும், புல்லு புழுதியைப் பிடிச்சு வைக்கும், கடைக்காரர் தன் வாசலுக்கு ரெண்டு வண்டி கிராவல் கொட்டுவார், கொஞ்ச நாள்ல மண்ணு தாரைவிட உயரமாகி ஒரு வரப்பு மாதிரி நிக்கும். வரப்பு கட்டினா தண்ணி தேங்கும்னு விவசாயி உங்களுக்கு நான் சொல்லணுமா. அந்தத் தேங்கின தண்ணி தாருக்கும் ஜல்லிக்கும் நடுவுல இறங்கும், மேல லாரி டயர் ஏறும்போது அந்தத் தண்ணி அழுத்தம் தாங்காம பீச்சும், ஒவ்வொரு டயருக்கும் ஒரு பீச்சு, ஜல்லியைப் பிடிச்சிருக்கிற தார் உரிஞ்சு வந்துடும். முதல்ல ஒரு கைப்பிடி ஜல்லி தனியா வரும். அன்னிக்கே கவனிச்சா ஒரு கூடை தார்க் கலவையில முடிஞ்சிடும். ஒரு மாசம் விட்டா நீங்க எழுதின பள்ளம்.

இதை நான் புஸ்தகத்துல கத்துக்கல. ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு கார்த்திகை மாசம், ராத்திரி நல்ல மழை, எங்க டிப்பர் பஞ்சர் ஆகி ரோட்டோரம் நின்னுட்டோம். அப்போ ஒரு வயசான சாலைப் பணியாளர், உரச் சாக்கை முக்காடு மாதிரி தலையில மாட்டிக்கிட்டு, கையில மம்மட்டி, டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு, பத்தடிக்கு ஒரு வெட்டு, பத்தடிக்கு ஒரு வெட்டுன்னு மண் ஓரத்தை அறுத்து விட்டுக்கிட்டே போறார். வெட்டின உடனே தேங்கி நின்ன தண்ணி செவேல்னு சுழிச்சுக்கிட்டு வாய்க்காலுக்கு ஓடுது. "யாருப்பா இந்த நேரத்துல உங்களை வரச் சொன்னது"ன்னு கேட்டேன். "யாரும் சொல்லல, காலைல வந்தா ரோடு இருக்காது"ன்னாரு. மழை விட்டதும் போய்ப் பாத்தேன், அவரு வெட்டி விட்ட இடம் வரைக்கும் ரோடு முழுசா இருந்துச்சு, அதுக்கு அப்பால ஓரம் கரும்பு கடிச்ச மாதிரி.

இன்னொரு காரணமும் சொல்லிடறேன், பாரம். நம்ம பக்கம் கல் குவாரி அதிகம், டிப்பர் ராத்திரி பகலா ஓடுது. ஒரு அச்சு மேல ரெண்டு மடங்கு பாரம் ஏத்தினா ரோட்டுக்கு சேதம் ரெண்டு மடங்கு இல்ல, சுமார் 16 மடங்கு. 1958-ல இருந்து 1960 வரைக்கும் அமெரிக்காவுல இதுக்குன்னே ரோடு போட்டு, லாரி ஓட்டி ஓட்டிப் பாத்து கண்டுபிடிச்ச கணக்கு, இன்னிக்கும் ரோடு டிசைன் பண்றவங்க அதை வச்சு தான் யோசிக்கிறாங்க. ஆனா தண்ணி வடிஞ்ச ரோடு அந்தப் பாரத்தைக் கூட கொஞ்ச நாள் தாங்கும், தண்ணில ஊறின ரோடு பால் வண்டியைக் கூட தாங்காது.

பேட்ச் ஒர்க் பண்ண ஆள் வந்தா பக்கத்துல நின்னு பாருங்க. பள்ளத்தை சதுரமா வெட்டி, உள்ள இருக்கிற தூசியையும் ஈரத்தையும் எடுத்து, அடியில தார் தெளிச்சு, கலவை போட்டு, இறுக்கி அமுக்கணும். தண்ணி நிக்கிற குழியில அப்படியே ஜல்லியைக் கொட்டி மம்மட்டியால ரெண்டு தட்டு தட்டிட்டுப் போனா, அதை ஏத்துக்காதீங்க, கேளுங்க.

கேள்வி (டீக்கடைக்காரர், வெள்ளிமேடுபேட்டை வழி): நீங்க சொல்ற மாதிரி மம்மட்டியோட முன்னல்லாம் ரோட்டோரம் ஆளுங்க இருப்பாங்க, எங்க கடையில தான் டீ குடிப்பாங்க. இப்ப காணோமே?

பதில்: 1997-ல தமிழ்நாடு முழுக்க சுமார் 10,000 சாலைப் பணியாளர்களை எடுத்தாங்க. 2002 செப்டம்பர்ல அத்தனை பேரையும் ஒரே உத்தரவுல வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. திரும்ப வேலைக்கு வந்தது 2006-ல. நடுவுல 41 மாசம். அந்த 41 மாசத்தைப் பணிக்காலமா சேக்கணும்னு அவங்க சங்கங்கள் பல வருஷம் போராடினாங்க, அந்தக் கோரிக்கை போஸ்டரை நீங்களும் பஸ் ஸ்டாண்டு சுவத்துல பாத்திருப்பீங்க. அப்போ எடுத்தவங்கள்ல நிறைய பேர் இப்ப வயசாகி ஓய்வு பெற்றுட்டாங்க.

என் கருத்தைக் கேட்டா, ஒரு ரோட்டுக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுத் தார் போடறதைவிட, வருஷம் பூரா அதே ரோட்டுல அதே ஆளு மம்மட்டியோட நடக்கறது தான் முக்கியம். அந்த ஆளுக்கு எந்த இடத்துல தண்ணி தேங்கும், எந்த குழாய் பாலத்துல கோரைப்புல்லு அடைக்கும், எந்த மரத்துக் கிளை பஸ்ஸை உரசும் எல்லாம் தெரியும். மெஷின் வச்சு நல்லா தார் போடலாம், சரி தான், ஆனா ராத்திரி மழையில மெஷின் வந்து வாய்க்கால் வெட்டாது.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவி, வந்தவாசி): அங்கிள், எங்க ரோட்டுல கிலோமீட்டர் கல்லுக்கு தலையில பச்சை கலர். திண்டிவனம் போய் சென்னை ரோட்டுல ஏறினா மஞ்சள் கலர். ஏன்? சின்னக் கல்லுல வெறும் 2, 4, 6, 8-ன்னு மட்டும் போட்டிருக்கே, அது என்ன கணக்கு?

பதில்: ரொம்ப நல்ல கேள்வி கண்ணு. மஞ்சள் தலைன்னா தேசிய நெடுஞ்சாலை, பச்சைன்னா மாநில நெடுஞ்சாலை, பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்துல போட்ட ரோட்டுல ஆரஞ்சு கலர் பாப்பே. சின்னக் கல்லு 200 மீட்டருக்கு ஒண்ணு. 2-ன்னா 200 மீட்டர், 4-ன்னா 400, அப்படியே 8 வரைக்கும், அடுத்தது பெரிய கல்லு, அதோட ஒரு கிலோமீட்டர் முடிஞ்சுது. அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு தடவை வர்ற கல்லு மத்ததைவிடப் பெரிசா இருக்கும், பஸ்ல ஜன்னல் சீட்டு கிடைச்சா எண்ணிப் பாரு. இதை மனசுல வச்சுக்கோ, எங்கயாவது விபத்தைப் பாத்து 108-க்கு போன் பண்ணினா "அந்தப் புளியமரத்தாண்ட"ன்னு சொல்றதைவிட "தெள்ளார் தாண்டி இத்தனாவது கிலோமீட்டர், 4-ங்கிற சின்னக் கல்லு"ன்னு சொன்னா ஆம்புலன்ஸ் தேடாம வந்து சேரும்.

கேள்வி (குடும்பத் தலைவி, ரோட்டோர கிராமம்): எங்க வூடு கட்டினப்போ ரோட்டைவிட ரெண்டு படி மேல இருந்துச்சு. இப்ப ரோடு மேல, வூடு கீழ. மழை வந்தா சாக்கு மூட்டை வச்சு தடுக்கறோம். ஒவ்வொரு தடவையும் மேல மேல போடறாங்களே, கேக்கறதுக்கு சட்டம் இருக்கா?

பதில்: அம்மா, இது நீங்க மட்டும் படற கஷ்டம் இல்ல, தமிழ்நாட்டுல பழைய ரோட்டோரம் வீடு இருக்கிற பாதிப் பேருக்கு இதே கதை. ஒரு தடவை போட்டா அஞ்சு செ.மீ. ஏறுதுன்னு வைங்க, ஆறு தடவையில ஒரு அடி.

2021 மே மாசம், அப்போ தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு ஒரு அறிவுறுத்தல் அனுப்பினாரு, பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டு அதே உயரத்துக்குத் தான் புதுசு போடணும், வீட்டுக்குள்ள தண்ணி போற மாதிரி ரோட்டை உயர்த்தக் கூடாதுன்னு. மில்லிங்னு சொல்வோம், பெரிய பல்லு வச்ச உருளை ஒண்ணு தாரைக் கடிச்சு எடுக்கும், எடுத்த தூளை வீணாக்காம மறுபடி பயன்படுத்தலாம். அதனால அடுத்த தடவை ரோடு போடறதுக்கு முன்னாடியே, மார்க்கிங் பண்ண வர்றப்பவே, ஊர்க்காரங்க சேந்து நெடுஞ்சாலைத் துறை உதவிக் கோட்டப் பொறியாளர் ஆபீஸ்ல எழுதிக் குடுங்க, வாசப்படிக்கும் ரோட்டுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு டேப் வச்சு அளந்து போட்டோ வச்சுக் குடுங்க. போட்டு முடிச்சப்புறம் கத்தறதைவிட அது நூறு மடங்கு வேலை செய்யும்.

ஆனா ஊருக்குள்ள மில்லிங் மட்டும் போதாதுன்னும் சொல்லிடறேன். பக்கத்துல ஓடின கால்வாயை நாமளே மூடி மேல கடை போட்டுட்டோம்னா ரோடு எந்த உயரத்துல இருந்தாலும் தண்ணி உங்க வாசலைத் தான் தேடும்.

கேள்வி (கல்லூரி மாணவன், திண்டிவனம் அருகில்): தை, மாசி வந்தா பாதி ரோட்டை மறிச்சு நெல்லு, உளுந்து, கொள்ளுன்னு காயப் போட்டுடறாங்க. சுத்தி கல்லு வேற. ராத்திரி பைக்ல வந்து விழுந்து என் ஃப்ரெண்டுக்கு தோள் எலும்பு உடைஞ்சுது. விவசாயிங்க மேல கேஸ் போடக் கூடாதா?

பதில்: தம்பி, உன் ஃப்ரெண்டுக்கு சீக்கிரம் குணமாகட்டும். இந்தக் கேள்விக்கு என்னால ஒரு பக்கமா நின்னு பதில் சொல்ல முடியல, ஏன்னா எங்க சித்தப்பா இதே மாதிரி நெல்லு ஓரத்துல வச்ச கல்லுல ஏறி விழுந்து ஒரு மாசம் படுத்தாரு, அதே சித்தப்பா அடுத்த வருஷம் மல்லாட்டை, அதான் நிலக்கடலை, காய வைக்க இடம் இல்லாம அதே ரோட்டுல தான் கொட்டினாரு. ரெண்டையும் நான் கண்ணால பாத்தேன்.

முன்னாடி ஒவ்வொரு ஊர்லயும் களம் இருந்துச்சு, சாணி மெழுகி வச்ச களம், அறுப்புக் காலத்துல அங்க தான் போரடிப்பாங்க. அது எல்லாம் எங்க போச்சுன்னு ஊர்ப் பெரியவங்களைக் கேளு, மேல கட்டடம் நிக்கும். நெல்லு ஈரமா இருந்தா கொள்முதல் நிலையத்துல எடுக்க மாட்டாங்க, ராத்திரி பனி வேற இறங்கும், தார் ரோடு தான் பகல்ல நல்லா சூடேறும், உளுந்தை ரோட்டுல பரப்பிட்டா போற வர்ற பஸ்ஸும் லாரியுமே ஏறி அடிச்சுக் குடுத்துடும், ஆள் கூலி மிச்சம். அவங்க கணக்கு அது. தப்பான கணக்குன்னு என்னால சொல்ல முடியல.

ஆனா கல்லு வைக்கறது தப்பு, அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. பாறாங்கல்லு, செங்கல்லு, முள்ளு எதுவும் ரோட்டு மேல வைக்கக் கூடாது, பொழுது சாயறதுக்குள்ள மொத்தத்தையும் குவிச்சு ரோட்டை விட்டு இறக்கிடணும், வைக்கோல் கொத்து பரப்பவே கூடாது, காருக்கு அடியில சூடான சைலன்ஸர்ல வைக்கோல் சுத்திக்கிட்டு வண்டியே தீப்பிடிச்சிருக்கு. கேஸ் போட்டு ஒரு விவசாயியை கோர்ட்டுக்கு இழுத்தா அடுத்த தையில வேற ஒருத்தர் அதே இடத்துல கொட்டுவாரு. கிராம சபைக் கூட்டம் ஜனவரி 26-ல நடக்கும், சரியா அறுப்பு நேரம், நீயும் உன் ஃப்ரெண்டும் போய் நின்னு "எங்க ஊருக்கு உலர்களம் வேணும்"னு தீர்மானம் போடச் சொல்லுங்க. தோள்ல கட்டோட நிக்கிற பையனை யாரும் உக்காருன்னு சொல்ல மாட்டாங்க.

கேள்வி (ஓய்வு பெற்ற ஆசிரியர், வந்தவாசி): ரோடு அகலப்படுத்தறேன்னு எல்லா ஊர்லயும் பழைய புளியமரங்களை சாய்க்கிறார்கள். வளர்ச்சி வேண்டும்தான், ஆனால் மனம் கேட்கவில்லை. தங்கள் கருத்து?

பதில்: சார், எனக்கும் கேக்கல. நான் மரம் வெட்டின சைட்டுலயும் நின்னிருக்கேன், அதனால இதை எழுதறப்போ கை கொஞ்சம் நிக்குது.

நம்ம ரோடு போய்ச் சேர்ற ஊர் பேரே புளியங்காடு. திந்திரிணின்னா சமஸ்கிருதத்துல புளியமரம், திந்திரிணி வனம் தான் திண்டிவனம் ஆச்சுன்னு சொல்றாங்க, அங்க சிவன் கோயில்ல சாமி பேரும் திந்திரிணீஸ்வரர். அந்த ஊருக்குப் போற வழியில புளியமரம் இல்லாமப் போனா எப்படி சார்.

ரோட்டோரத்துக்குப் புளியை ஏன் தேர்ந்தெடுத்தாங்கன்னு யோசிச்சா பெரியவங்க புத்தி புரியும். வேர் ஆழமா போகும், புயல்ல லேசுல சாயாது, நிழல் அடர்த்தி, இலை ரொம்பப் பொடி, அதனால உதிர்ந்தாலும் ரோட்டுல வழுக்காம காத்துல பறந்துடும், தண்ணி ஊத்த வேண்டாம், நூறு வருஷத்துக்கு மேல நிக்கும், காய்ச்சா வருமானம். இப்பவும் வருஷா வருஷம் ரோட்டோரப் புளிய மகசூலை ஏலம் விடறாங்க. மாசி வெயில்ல குடும்பமா வந்து, ஆம்பளைங்க மேல ஏறி உலுக்க, பொம்பளைங்க கீழ சேலையைக் கட்டி பழத்தைப் பொறுக்கறதை பாத்திருப்பீங்க. அந்த மரத்து மேல நம்பர் எழுதி கறுப்பும் வெள்ளையுமா பட்டை அடிச்சிருப்பாங்களே, ராத்திரி ஹெட்லைட்ல அது தான் ரோடு எங்க வளையுதுன்னு சொல்லும்.

இன்னொரு பக்கமும் இருக்கு, மறைக்க மாட்டேன். ஒத்தையடி மாதிரி இருந்த ரோட்டுல பஸ்ஸும் லாரியும் ஒதுங்க இடம் இல்லாம மரத்துல மோதிச் செத்தவங்க இருக்காங்க. ரோடு அகலம் ஆகணும். ஆனா ரெண்டு பக்கமும் வெட்டணுமா? ஒரு பக்க மரத்தை வச்சுக்கிட்டு அடுத்த பக்கம் மட்டும் அகலப்படுத்த முடியிற இடம் நிறைய இருக்கு, அளவு எடுக்கும்போதே யோசிச்சா மரமும் நிக்கும் ரோடும் விரியும், சில இடத்துல மரத்தையே நடுவுல விட்டு ரெண்டு பக்கமும் ரோடு கொண்டு போகலாம். இப்ப மரம் வெட்ட கலெக்டர் தலைமையில மாவட்ட பசுமைக் குழு அனுமதி வேணும், வெட்டற ஒண்ணுக்குப் பத்து கன்னு வைக்கணும். வைக்கிறாங்க சார். வச்சு கூண்டும் போடறாங்க. அடுத்த சித்திரையில தண்ணி ஊத்த ஆள் இல்ல, கூண்டு மட்டும் நிக்குது. முதல் மூணு கோடையைத் தாண்ட வச்சா போதும், அப்புறம் அது பாட்டுக்கு வளரும். உங்க பழைய மாணவர்கள் அந்த ரோட்டோர ஊர்கள்ல எத்தனையோ பேர் இருப்பாங்க, ஆளுக்கு ஒரு கூண்டைக் காட்டி விடுங்க, நீங்க சொன்னா செய்வாங்க.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர், செய்யாறு): இந்த ரோட்டுல பெரிய போர் நடந்ததா சொல்றாங்களே, உண்மையா?

பதில்: ஒண்ணு இல்ல, ரெண்டு, நடுவுல கிட்டத்தட்ட 900 வருஷம். தெள்ளார்ல 9-ஆம் நூற்றாண்டுல பல்லவ அரசன் மூன்றாம் நந்திவர்மன் பாண்டியனை ஜெயிச்சான், அதனால தான் அவனுக்கு "தெள்ளாறெறிந்த நந்திவர்மன்"னு பேரு, நந்திக்கலம்பகம் பாடப்பட்டது அவன் மேல தான். அடுத்தது வந்தவாசி, 1760 ஜனவரி 22, ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோக்கடிச்சான், பிரெஞ்சுத் தரப்புல புஸ்ஸிங்கிற இன்னொரு தளபதி பிடிபட்டான். அடுத்த ஜனவரியில பாண்டிச்சேரியே விழுந்துடுச்சு. பிரெஞ்சுக்காரங்க இந்தியாவைப் பிடிக்கிற கனவு முடிஞ்சது வந்தவாசில தான்னு எல்லா வரலாற்றுப் பாடத்துலயும் வரும், ஆங்கிலத்துல வாண்டிவாஷ்னு எழுதியிருக்கும், குழம்பிடாதீங்க. காஞ்சிபுரத்துக்கும் ஆற்காட்டுக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவுல இருக்கிற மண்ணு இது, அங்க அங்க ஆட்சி பண்ணினவங்க மோதிக்கணும்னா இங்க வந்து தான் ஆகணும். தெள்ளார்ல பஸ் நிக்கிற ரெண்டு நிமிஷத்துல இதை யாராவது நினைக்கிறாங்களான்னு எனக்குத் தோணும், நான் ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன்.

கேள்வி (பால் வியாபாரி, வந்தவாசி): எங்க ஊர் முனையில நாங்களே வேகத்தடை போட்டுக்கினோம். எடுக்கச் சொல்றாங்க.

பதில்: எடுத்துடுங்கண்ணா. முறைப்படி வேகத்தடைன்னா 3.7 மீட்டர் அகலம், நடுவுல 10 செ.மீ. உயரம், ஏறி இறங்கறது தெரியாம மெதுவா வளையணும், மேல வெள்ளைப் பட்டை, முன்னாடியே எச்சரிக்கை போர்டு. ஊர்க்காரங்க போடறது அடுப்பு மேடு மாதிரி ஒரு அடி அகலத்துல குத்தலா நிக்குது. பிரசவத்துக்குப் போற பொண்ணை ஆட்டோவுல கூட்டிட்டு அதுல ஏறி இறங்கிப் பாருங்க. ஸ்கூல் இருக்கு, பசங்க கடக்கறாங்கன்னு எழுதிக் குடுத்தா முறையா போட்டுக் குடுக்கறதுக்கு வழி இருக்கு.

கேள்வி (பெயர் வேண்டாம்): ஒரு ராத்திரி அந்த ரோட்டுல ஒருத்தர் அடிபட்டுக் கிடந்தார். போலீஸ், கேஸ், கோர்ட்டுன்னு அலைய வேண்டி வரும்னு பயந்து நிக்காம வந்துட்டேன். மனசு உறுத்துது.

பதில்: உறுத்துதுன்னு எழுதினீங்களே, அதுக்கே உங்களை மதிக்கிறேன். அடுத்த தடவைக்குத் தெரிஞ்சுக்கோங்க, எல்லாரும் தெரிஞ்சுக்கணும். 2016-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு குடுத்துடுச்சு, 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துலயே 134ஏ-ன்னு ஒரு பிரிவு சேத்தாச்சு, உதவி பண்ணினவர் மேல கேஸ் கிடையாது, பேரும் அட்ரஸும் சொல்ல விருப்பம் இல்லன்னா கட்டாயப்படுத்த முடியாது, ஆஸ்பத்திரியில சேத்துட்டு நீங்க பாட்டுக்குக் கிளம்பலாம். காசு யார் கட்டறதுன்னும் பயப்பட வேண்டாம். 2021 டிசம்பர் 18-ல நம்ம பக்கத்து மேல்மருவத்தூர்ல தான் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தை ஆரம்பிச்சாங்க, தமிழ்நாட்டு ரோட்டுல அடிபட்டவர் எந்த ஊர்க்காரரா இருந்தாலும் திட்டத்துல சேந்த ஆஸ்பத்திரியில முதல் 48 மணி நேர சிகிச்சைக்குப் பணம் கேக்க மாட்டாங்க, ஆரம்பத்துல 1 லட்சம் ரூபா வரைக்கும்னு வச்சாங்க. நீங்க செய்ய வேண்டியது 108-க்கு ஒரு போன், வண்டி வர்ற வரைக்கும் உங்க ஹெட்லைட்டை எரிய விட்டு பின்னால வர்ற லாரியை நிறுத்தறது. அவ்ளோ செஞ்சா போதும். ஆளைக் கண்டபடி தூக்காதீங்க, தண்ணி குடுக்காதீங்க.

கேள்வி (வியாபாரி, வந்தவாசி): திண்டிவனம் – நகரி ரயில் வந்தா இந்த ரோட்டுக்கு வேலை இல்லாமப் போயிடுமா?

பதில்: 2006-07-ல அனுமதி ஆன பாதை, வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு, ராணிப்பேட்டைன்னு சுமார் 180 கி.மீ. வரட்டும், நல்லா வரட்டும், அத்தனை வருஷம் காத்திருந்தாச்சு. ஆனா ரயில் ஸ்டேஷனுக்குப் போகறதுக்கும் இந்த ரோட்டுல தானே போகணும்.

கேள்வி (சுய உதவிக் குழு உறுப்பினர், தெள்ளார் பக்கம்): எங்க ஊர்ல ரெண்டு ரோடு குண்டும் குழியுமா கிடக்கு. ஒண்ணு பஸ் போற மெயின் ரோடு, இன்னொண்ணு அதுல இருந்து ஊருக்குள்ள வர்றது. மெயின் ரோட்டுல ஒரு சின்னப் பாலத்துக்குக் கீழ அடைச்சுக்கிட்டு மழையில தண்ணி மேல ஏறிப் போகுது. பஞ்சாயத்துல கேட்டா அது எங்களுது இல்லங்கறாங்க. யாரைப் போய்க் கேக்கறது?

பதில்: அவங்க சொன்னது பாதி சரி தான்மா. பஸ் போற மாநில நெடுஞ்சாலை நெடுஞ்சாலைத் துறையோடது, உள்ள வர்ற ரோடு பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தோடது, அதனால ரெண்டுக்கும் ரெண்டு மனு. ஒரே பேப்பர்ல ரெண்டையும் எழுதினா ரெண்டு ஆபீஸும் அடுத்தவங்களைக் கை காட்டும். உள் ரோட்டுக்கு பி.டி.ஓ. ஆபீஸ், கிராம சபை. மெயின் ரோட்டுக்கு உதவிப் பொறியாளர் அல்லது உதவிக் கோட்டப் பொறியாளர் ஆபீஸ். அதோட 2023-ல வந்த "நம்ம சாலை" ஆப் இருக்கு, பள்ளத்தை நின்ன இடத்துல இருந்தே போட்டோ எடுத்துப் போடலாம், இடம் தானா பதிவாகும். முதலமைச்சர் உதவி மைய நம்பர் 1100-க்கும் போன் பண்ணலாம்.

முக்கியமான விஷயம், அந்தப் பாலம். கைப்பிடிச் சுவர்ல இல்லன்னா முனைக் கல்லுல பெயிண்ட்ல ஒரு நம்பர் எழுதியிருக்கும், 24/3-ங்கிற மாதிரி கோடு போட்டு. மேல் நம்பர் எந்தக் கிலோமீட்டர், கீழ் நம்பர் அந்தக் கிலோமீட்டருக்குள்ள எத்தனாவது பாலம். "எங்க ஊர் பாலம்"னு எழுதினா ஆபீஸ்ல இருக்கிறவருக்குப் புரியாது, அந்த நம்பரைப் போட்டா அவங்க ரிஜிஸ்டர்லயே அந்தப் பாலம் எந்த வருஷம் கட்டினது, எத்தனை குழாய், எவ்ளோ அகலம் எல்லாம் இருக்கும், தப்பிக்க முடியாது. பெயிண்ட் மங்கி இருந்தா ஈரத் துணியால துடைச்சுப் பாருங்க, பாசிக்குக் கீழ இருக்கும். நம்பர் கிடைச்சதும் எனக்கும் ஒரு மெசேஜ் போடுங்க, மனுவை எப்படி எழுதறதுன்னு அந்த நம்பரை வச்சே அடுத்த இதழ்ல எழுதித் தர்றேன்.